கிணற்றுக்கு அடியில் ஒரு தராசு: அசையாமல் நிற்கும் நீரின் கதை

மாமி வீட்டு மேல்மாடியில் புதிதாகக் குளியலறை கட்டினார்கள். குடிபூரலுக்குப் போன அன்றே மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஷவரில தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருது. இந்த 500 லீற்றர் தாங்கியைக் கழட்டிப்போட்டு 1000 லீற்றர் தாங்கி வைச்சா வேகமா வருமோ?”

“வராது மாமி. தாங்கியை மாத்த வேண்டாம், உயர்த்தி வைச்சாக் காணும்” என்றேன்.

அவர் நம்பவில்லை. இரண்டு மடங்கு தண்ணீர் மேலே இருந்தால் இரண்டு மடங்கு அமத்தாதா? நியாயமான கேள்விதான். நான் படிப்பிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கான விடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், அது மாமியின் தாங்கியோடு நிற்காது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் ஏன் நல்ல தண்ணீர் இருக்கிறது, ஏன் சில கிணறுகள் உவராகிப் போகின்றன என்பது வரைக்கும் அதே விடை நம்மைக் கொண்டுபோகும். அதனால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அமுக்கம் என்ற சொல். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அழுத்தம் என்று எழுதுவார்கள், நாங்கள் அமுக்கம் என்று படித்தோம், இரண்டும் ஒன்றுதான். நல்லூர் வீதி மணலில் வெறுங்காலோடு எவ்வளவு நேரம் நடந்தாலும் கால் நோகாது. மணலுக்குள் கிடக்கும் ஒரு சின்னக் கல்லில் மிதித்தால் உயிர் போய் வரும். உடம்பின் எடை மாறவில்லை. அந்த எடை இறங்குகிற இடம்தான் பாதம் முழுவதிலிருந்து கல்லின் முனையளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆக, எவ்வளவு விசை என்பது மட்டும் போதாது, அது எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதும் வேண்டும். விசையைப் பரப்பால் வகுத்தால் வருவதே அமுக்கம். ஒரு சதுர மீற்றரில் ஒரு நியூற்றன் விசை இருந்தால் அது ஒரு பஸ்கால்.

இனித் தண்ணீருக்கு வருவோம். ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம் உள்ள தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நிரப்பினால் 1000 லீற்றர் பிடிக்கும். அந்தத் தண்ணீரின் திணிவு 1000 கிலோகிராம், எடை ஏறத்தாழ 9800 நியூற்றன். அவ்வளவு எடையும் அடியில் இருக்கும் ஒரு சதுர மீற்றரில் இறங்குகிறது. ஆகவே அடியில் அமுக்கம் 9800 பஸ்கால். இப்போது தொட்டியின் அகலத்தை இரண்டு மடங்காக்குங்கள், உயரம் அப்படியே இருக்கட்டும். தண்ணீரின் எடை இரண்டு மடங்கு, அதைத் தாங்கும் அடிப்பரப்பும் இரண்டு மடங்கு. வகுத்தால் திரும்பவும் அதே 9800 தான். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் மட்டும்தான் அமுக்கம் இரண்டு மடங்காகும்.

ஆழத்தை அடர்த்தியால் பெருக்கி, அதை ஈர்ப்பு ஆர்முடுகலால் (பூமி இழுப்பதால் விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் அளவு, ஏறத்தாழ 9.8) பெருக்கினால் அமுக்கம் கிடைக்கும். இந்தச் சூத்திரத்தில் அகலத்துக்கு இடமே இல்லை. எவ்வளவு லீற்றர் என்பதற்கும் இடமில்லை.

கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு இது உடம்பால் தெரிந்த விஷயம். அடியைத் தொட்டு மண் எடுத்து வருகிறேன் என்று சுழியோடிப் போனால் காதுக்குள் ஒரு குத்து வரும். ஒடுங்கிய வீட்டுக் கிணற்றில் மூன்று மீற்றர் போனாலும் அதே குத்து, பெரிய கேணியில் மூன்று மீற்றர் போனாலும் அதே குத்துத்தான். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் நோ குறையாது என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒரு மூட்டை அரிசியைத் தலையில் வைத்தால் அது கீழ்நோக்கி மட்டும்தான் அமத்தும். தண்ணீர் அப்படியல்ல. ஒரு புள்ளியில் அது மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எல்லாத் திசையிலும் ஒரே அளவு தள்ளும். பிளேஸ் பஸ்கால் என்ற பிரெஞ்சுக்காரர் இதைத் தெளிவாக எழுதி வைத்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1663இல்தான் வெளிவந்தது. அமுக்கத்தின் அலகுக்கு அவர் பெயரை வைத்ததும் அதனால்தான்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். பெரிய சோடாப் போத்தல் ஒன்றில் மேலே, நடுவே, கீழே என்று ஒரே அளவில் மூன்று துளை போடுங்கள். விரலால் மூடித் தண்ணீர் நிரப்பிவிட்டுத் திறவுங்கள். கீழ்த்துளையில் தண்ணீர் மிக வேகமாகப் பீறிடும். இங்கே ஒரு கவனம் வேண்டும். கீழ்த்துளைத் தண்ணீர்தான் மிகத் தூரத்தில் விழும் என்று படம் கீறிக் காட்டுகிற புத்தகங்கள் உண்டு. போத்தலை மேசையில் வைத்து, தண்ணீர் விழுவதையும் அதே மேசையில் பார்த்தால் அது பிழை. நடுத்துளைத் தண்ணீர்தான் அதிக தூரம் போகும். கீழ்த்துளைத் தண்ணீருக்கு வேகம் இருக்கிறது, ஆனால் தரையில் விழுவதற்கு முன் பறந்து போக நேரம் இல்லை. போத்தலை உயரமான மதில் மேல் வைத்துப் பாருங்கள், அப்போது கீழ்த்துளை வெல்லும்.

சரி, மாமியின் தாங்கி. தாங்கித் தண்ணீரின் மேல்மட்டம் ஷவர் தலைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்தோம். ஒன்றரை மீற்றர்தான். தாங்கி மாடித் தட்டிலேயே குந்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றரை மீற்றர் உயரத்தில் ஒரு மேடை கட்டினால் அமுக்கம் இரண்டு மடங்கு. 1000 லீற்றர் தாங்கி சற்று நெட்டையாக இருந்திருந்தால் அந்த நெட்டையளவு பலன் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். பரந்த தாங்கி என்றால் கூடுதலாக இரண்டு பேர் குளிக்கலாம், வேகம் கூடாது.

இனிச் சமநிலை. மணலைக் குவித்தால் குவியல் நிற்கும். தண்ணீரைக் குவிக்க முடியாது. ஏன்? மணலின் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும். ஓய்வில் இருக்கும் தண்ணீருக்கு அந்தப் பிடி இல்லை. ஒரு பக்கம் அமுக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் அது உடனே அசையும், இரண்டு பக்கமும் சமமாகும் வரை அசையும். அதனால் ஒன்று நிச்சயம்: தண்ணீர் அசையாமல் நிற்கிறது என்றால், அந்தத் தண்ணீருக்குள் ஒரே மட்டத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளிலும் அமுக்கம் ஒன்றுதான்.

மேசன்மார் இதை நம்பித்தான் வீடு கட்டுகிறார்கள். அத்திவாரத்தின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் மட்டம் பிடிக்க, கண்ணாடி போன்ற நீண்ட பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கு ஒரு நுனியாகப் பிடிப்பார்கள். நடுவில் குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கக்கூடாது என்று தட்டித் தட்டிப் பார்ப்பதும் சடங்கல்ல. குமிழி நிற்கும் இடத்தில் தண்ணீருக்குப் பதில் அதை விட மிகமிக எடை குறைந்த காற்று நிற்கிறது, தராசின் ஒரு தட்டில் படி குறைந்த மாதிரி.

தொண்டைமானாற்றுத் தடுப்பணையைப் பார்க்கப் போன பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: “சேர், அங்கால அவ்வளவு பெரிய கடல். அது முழுக்கச் சேர்ந்து தள்ளினா இந்தக் கதவு தாங்குமா?” மாமியின் கேள்விதான் இது, உருவம் மட்டும் பெரிது. விடையும் அதே. கடல் அடிவானம் வரை இருந்தாலும் சரி, நூறு அடியில் முடிந்தாலும் சரி, கதவுக்குத் தெரிவது தன் முன்னால் நிற்கும் தண்ணீரின் ஆழம் மட்டும். இரண்டு மீற்றர் ஆழத் தண்ணீர் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றால், கதவின் ஒவ்வொரு மீற்றர் அகலத்தையும் ஏறத்தாழ 2 தொன் எடைக்குச் சமமான விசை தள்ளும். ஆழம் நான்கு மீற்றர் என்றால் 4 தொன் அல்ல, 8 தொன். சராசரி அமுக்கமும் இரண்டு மடங்காகிறது, நனைந்த பரப்பும் இரண்டு மடங்காகிறது. அணைகளை அடியில் தடிப்பாகக் கட்டுவதற்குக் காரணம் இந்தப் பெருக்கம்தான். மறுபக்கத்திலும் அதே தண்ணீர் அதே உயரத்துக்கு நின்றால் இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும்.

நீரின் அளவல்ல, ஆழமே முக்கியம் என்ற இந்த வியப்பை 1586இலேயே கணக்கிட்டு எழுதியவர் சிமோன் ஸ்ரெவின். ஒல்லாந்தில் பொறியியலாளராக இருந்தவர். கடலை அணை போட்டுத் தடுத்து வாழ்கிற நாட்டில் இந்தக் கேள்வி எழுந்தது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். இன்னொரு ஒல்லாந்தரும் இந்தக் கதைக்குள் வருவார்.

அதற்கு முன் காற்றைப் பற்றி ஒரு சொல். காற்றும் பாய்பொருள்தான், அதற்கும் எடை உண்டு. நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று இத்தாலியரான ரொறிசெல்லி 1644இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் காற்றுக் கடல் நம் மேல் வைக்கும் அமுக்கம் ஏறத்தாழ 10 மீற்றர் ஆழத் தண்ணீர் வைக்கும் அமுக்கத்துக்குச் சமன். இது தோட்டக்காரருக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. தண்ணீர் இறைக்கும் மெஷின் தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோம். அது செய்வது குழாய்க்குள் இருக்கும் காற்றை அகற்றுவது மட்டும். பிறகு வெளிக்காற்று கிணற்றுத் தண்ணீரின் மேல் அமத்த, தண்ணீர் குழாய்க்குள் ஏறுகிறது. காற்றால் 10 மீற்றர் சொச்சத்துக்கு மேல் ஏற்ற முடியாது, நடைமுறையில் 7, 8 மீற்றரே பெரிய காரியம். எவ்வளவு பெரிய குதிரைவலு மெஷின் வாங்கினாலும் இந்த எல்லை மாறாது. அதனால்தான் நீர் ஆழத்தில் நிற்கும் கிணறுகளில் மெஷினையே கீழே இறக்கி வைக்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மூன்று பக்கமும் உப்பு. இருந்தும் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் விளைகிறது, வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, அடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. ஆனால் அந்தக் கல்லுக்குள் கடலும் பக்கவாட்டில் புகுந்து நிற்கிறது. நம் நன்னீர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? உப்புநீரின் மேல். மிதக்கிறது.

ஏன் மிதக்கிறது என்றால் அடர்த்தி. ஒரு கனமீற்றர் நன்னீர் 1000 கிலோகிராம், கடல்நீர் ஏறத்தாழ 1025. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் அந்த 25ஐச் சிறிது என்று விட்டுவிட முடியாது.

ப வடிவில் ஒரு குழாயை வளைத்து, முதலில் கடல்நீரை ஊற்றுங்கள். (கடலிலிருந்தே எடுங்கள், நீரேரித் தண்ணீர் வேண்டாம். கோடையில் அது கடலை விட உப்பாகிவிடும்.) இரண்டு கையிலும் ஒரே மட்டம் நிற்கும். பிறகு ஒரு கையில் நிறம் கலந்த நன்னீரைக் குழாய்ச் சுவரோடு மெல்ல மெல்ல வழிய விடுங்கள், கலக்காமல். நன்னீர் மேலே நிற்கும், அதன் கையில் மட்டம் சற்று உயர்ந்திருக்கும். இரண்டு நீரும் சந்திக்கும் கோட்டிலிருந்து அளந்தால், நன்னீர் 41 சென்ரிமீற்றர் நிற்கும் போது மறுகையில் கடல்நீர் 40 சென்ரிமீற்றர். 41ஐ 1000ஆல் பெருக்கினாலும் 40ஐ 1025ஆல் பெருக்கினாலும் 41,000 வரும். அமுக்கம் சமன், தராசு அசையவில்லை.

இந்தக் குழாயை நிலத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். ஒரு கை நம் ஊர் நன்னீர், மறு கை கடல். நன்னீரின் மேல்மட்டம் கடல்மட்டத்தை விட 1 அலகு உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே அது 40 அலகு ஆழத்துக்கு நிற்க முடியும். கிணற்றில் தண்ணீர் கடல்மட்டத்திலிருந்து அரை மீற்றர் மேலே நின்றால் கீழே 20 மீற்றர் நன்னீர். மேலே தெரியும் அந்தச் சின்ன உயரம்தான் கீழே அவ்வளவு பெரிய உப்பை அமத்திப் பிடித்து வைத்திருக்கிறது. நான் சொன்ன அந்த இன்னொரு ஒல்லாந்தர், படோன் கைபென் என்ற இராணுவப் பொறியியலாளர், அம்ஸ்ரர்டாமுக்கு அருகே கிணறு தோண்டும் வேலைக்காக இதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதினார். ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க், வடகடல் தீவுகளின் குடிநீரை ஆராய்ந்து 1901இல் இதே முடிவைத் தனியாக வெளியிட்டார். அந்தத் தீவுகளின் நிலைமைதான் நம் தீவகத்துக்கும். சிறிய நிலம், மழையால் சேரும் உயரம் குறைவு, அதனால் நன்னீர்ப் படையும் மெல்லியது.

புத்தூர் நிலாவரைக் கிணற்றை எல்லோருக்கும் தெரியும். இராமர் அம்பெய்து உண்டாக்கியது, அடியில்லாதது, அதில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் வந்து மிதக்கும் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். அங்கே மேலே இருப்பது நன்னீர், ஆழத்துக்குப் போனால் உப்புநீர். மழைநீரே சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து உண்டாக்கிய பள்ளம் அது. எனக்கு அது நம் தராசை நேரே திறந்து காட்டும் ஒரு சாளரம் போலத் தெரிகிறது. கீரிமலையில் கேணிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மதில்தான், ஆனாலும் கேணியில் ஊற்று நீர். நிலத்துக்குள் நீர் மட்டம் கடலை விடச் சற்று உயர்ந்து நிற்பதால், அந்த அமுக்கம் நன்னீரைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தேசிக்காய் வந்து சேருமோ இல்லையோ, நீர் போகும் திசையை அந்தக் கதை பிழையாகச் சொல்லவில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் மனம் பதறுகிறது. நீர் மட்டம் ஒரு அடி இறங்கி, இறங்கியபடியே நின்றால், சமநிலைக்காக அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே வர வேண்டும். உடனே வராது, கல்லின் பொந்துகளுக்குள் நீர் மெல்லத்தான் நகரும். உப்பும் நன்னீரும் சந்திக்கும் இடமும் கத்தியால் வெட்டிய கோடு அல்ல, கலங்கிய ஒரு படை. அடுத்த மாரியில் மட்டம் உயர்ந்தால் உப்பும் இறங்கத் தொடங்கும். ஆனால் ஒரே கிணற்றில் பெரிய மெஷினைப் போட்டு நெடுநேரம் இறைத்தால், அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு ஒரு கூம்பு போல எழும்பும். பக்கத்து வளவில் நல்ல தண்ணீர் இருக்க இந்தக் கிணறு மட்டும் உவராவது அப்படித்தான்.

தண்ணீர் வற்றுகிறது என்றவுடன் கிணற்றை இன்னும் தோண்டுவோம், குழாய்க்கிணறு அடிப்போம் என்று நினைப்பது வேறு ஊருக்குச் சரியாக இருக்கலாம். இங்கே ஆழமாகப் போவது உப்புக்குக் கிட்டப் போவது. ஒரு இடத்தில் ஒரேயடியாக இறைக்காமல் பல ஆழமில்லாத கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதும், மாரி மழையை வளவுக்குள்ளேயே நிலத்தில் இறங்க விடுவதும்தான் தராசைக் காக்கும். முற்றம் முழுதும் சீமெந்து போட்டால் மழை ஒழுங்கை வழியே கடலுக்குப் போய்விடும்.

மாமியின் அப்பு காலத்தில் துலா மிதித்து, பனையோலைப் பட்டையால் இறைத்தார்களாம். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும் வரை இறைத்தாலும் கிணற்று மட்டம் பெரிதாக இறங்காது என்று மாமி சொன்னார். தாங்கிக்கு மேடை கட்டி முடித்த அன்று, கிணற்றின் உட்சுவரில் ஒரு அடிக்கு ஒரு கோடாகச் சிவப்புப் பெயின்றால் கீறிக் கொடுத்தேன். மெஷின் போடுவதற்கு முன் ஒருதரம், நிறுத்திய பின் ஒருதரம் எட்டிப் பார்த்து, இப்போது கலண்டரில் குறித்து வைக்கிறார். “இண்டைக்கு ரெண்டு கோடு இறங்கிட்டுது தம்பி, நாளைக்குத் தோட்டத்துக்கு இறைக்கேல்லை” என்று போன கிழமை சொன்னார்.